ஆங்கில வாக்கியத்தில் மெயின் கிளாஸ் (main clause, முதன்மைத் தொடர்) எது, சப்ஆர்டினேட் கிளாஸ் (subordinate clause, சார்புத் தொடர்) எது?

தனியாக நின்று முழுப் பொருள் தந்தால் மெயின் கிளாஸ், தராவிட்டால் சப்ஆர்டினேட் கிளாஸ் என்றுதான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதை மட்டும் நம்பினால் தேர்வில் குழப்பம்தான். 'ஹி டிட் இட்' என்றால் யார், எதைச் செய்தார் என்று எதுவும் விளங்காது. ஆனாலும் அது மெயின் கிளாஸ். பொருளை விடுங்கள், வினையைப் பிடியுங்கள்.

முதலில், காலம் காட்டும் வினைகளை அடிக்கோடிடுங்கள்: இஸ், வாஸ், கேம், வில் கோ போன்றவை. 'டு கோ', துணைவினை இல்லாத 'கோயிங்' இரண்டும் கணக்கில் வராது. அடுத்து, ஒவ்வொரு வினைக்கும் எழுவாயைக் கண்டுபிடியுங்கள். எழுவாயும் வினையும் சேர்ந்த ஒரு ஜோடி, ஒரு கிளாஸ். பிறகு அந்த ஜோடியின் தலைப்பில் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள். பிகாஸ், தோ, இஃப், வென், அன்டில், தட், ஹூ, விச் போன்ற சொல் நின்றால் அது சப்ஆர்டினேட். எதுவும் இல்லாவிட்டாலோ, அண்ட், பட், ஆர், சோ போன்றவை இருந்தாலோ பெரும்பாலும் மெயின்.

ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்: 'வென் தி பெல் ராங், தி பாய் ஹூ வாஸ் ஸ்லீப்பிங் வோக் அப்.' வினைகள் மூன்று: ராங், வாஸ் ஸ்லீப்பிங், வோக் அப். ராங் என்பதன் எழுவாய் பெல், தலைப்பில் வென். வாஸ் ஸ்லீப்பிங் என்பதற்கு ஹூ என்பதே எழுவாய், அதுவே இணைப்புச் சொல்லும்கூட. இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'தி பாய் வோக் அப்'. இதுதான் மெயின் கிளாஸ். நடுவில் இன்னொரு கிளாஸ் புகுந்து இதை இரண்டாகப் பிளந்திருக்கிறது. மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

இணைப்புச் சொல் சில நேரம் ஒளிந்துகொள்ளும். 'ஐ திங்க் ஹி இஸ் இல்' என்பதில் தட் விடுபட்டிருக்கிறது. 'ஹி இஸ் இல்' சப்ஆர்டினேட்தான். ஆஃப்டர், பிஃபோர், சின்ஸ் மூன்றும் இரண்டு வேலை பார்க்கும்: 'ஆஃப்டர் லஞ்ச்' வெறும் ஃப்ரேஸ் (எழுவாய்-வினை ஜோடி இல்லாத சொற்றொடர்), 'ஆஃப்டர் வி ஏட்' கிளாஸ்.

தமிழ் பேசுகிறவர்களின் பிழைகளுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம். 'மழை பெய்ததால் வரவில்லை' என்பதில் முற்றுவினை ஒன்றுதான். பெய்ததால் என்பது தானாகவே அடுத்த வினையோடு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் முழு வினை வரும், ஒட்டவைக்கும் வேலை இணைப்புச் சொல்லுடையது. அதை மறந்து 'இட் ரெயின்ட், வி டிட் நாட் கம்' என்று கமா மட்டும் போட்டால் பிழை. 'தோ ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஹானஸ்ட்' என்று இரண்டு இணைப்பு போட்டாலும் பிழை. தோ, பட் இரண்டில் ஒன்று போதும். 'ஏனென்றால்' என்று தமிழில் புது வாக்கியம் தொடங்கலாம்; அந்தப் பழக்கத்தில் 'பிகாஸ் ஐ வாஸ் சிக்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், பேச்சில் சரி, கட்டுரையில் மார்க் போகும். நிபந்தனையைச் சொல்லும்போது 'இஃப் இட் வில் ரெயின்' அல்ல, 'இஃப் இட் ரெயின்ஸ்'. கேள்வி உள்ளே புகுந்தால் வரிசை மாறும்: 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்'.

கமாவுக்கு விதி எளிது. சப்ஆர்டினேட் முன்னால் வந்தால் அதன் முடிவில் கமா. பின்னால் வந்தால் பொதுவாக வேண்டாம். ஹூ, விச் வரும் இடத்தில் மட்டும் கமா பொருளையே மாற்றும். 'மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை, இஸ் எ டாக்டர்' என்றால் இருப்பது ஒரே சகோதரர். கமாக்களை எடுத்துவிட்டால் பல சகோதரர்களில் மதுரைக்காரர் என்றாகிவிடும்.

சிம்பிள் (ஒரே கிளாஸ்), காம்பவுண்ட் (மெயின் கிளாஸ்கள் மட்டும்), காம்ப்ளெக்ஸ் (மெயினோடு சப்ஆர்டினேட்) என்று மாற்றி எழுதும் கேள்விக்கும் இதே கணக்குதான். 'தோ ஹி இஸ் புவர், ஹி இஸ் ஹானஸ்ட்' காம்ப்ளெக்ஸ். 'ஹி இஸ் புவர் பட் ஹி இஸ் ஹானஸ்ட்' காம்பவுண்ட். சிம்பிள் ஆக்க ஒரு வினையைக் கழிக்க வேண்டும்: 'இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் பாவர்ட்டி, ஹி இஸ் ஹானஸ்ட்'. 'இன் ஸ்பைட் ஆஃப் ஹி இஸ் புவர்' என்று எழுதினால் வினை கழியவில்லை, விடையும் தவறு.