மினிமம் வேஜ் ஏத்தணும்னா ஓட்டுல ஜெயிச்சா மட்டும் பத்தாது

அமெரிக்கால ஃபெடரல் மினிமம் வேஜ், அதாவது மத்திய அரசு வச்ச குறைந்தபட்ச கூலி, மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலைல ஏத்துனது, அதுக்கப்புறம் ஒரு சென்ட் கூட ஏறல. வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்தா 290 டாலர், அதுவும் வரி பிடிக்கிறதுக்கு முன்னாடி. வாஷிங்டனை நம்பி பிரயோஜனம் இல்லன்னு தெரிஞ்சு போய்தான் மாநிலம் மாநிலமா இறங்கி ஏத்துறாங்க, நிறைய இடத்துல ஜெயிச்சும் இருக்காங்க. ஆனா ஜெயிச்ச பிறகு கோட்டை விட்டது எப்படின்னு பார்த்தாதான் விஷயம் புரியும்.

முதல் தப்பு, மக்கள் ஓட்டுப் போட்டுட்டாங்க, இனி யார் கை வைக்க முடியும்னு நெனைக்கிறது. மிசோரில 2024 நவம்பர்ல ப்ரோபொசிஷன் ஏ வந்துச்சு, அதாவது மக்கள்கிட்ட கையெழுத்து வாங்கி நேரடியா ஓட்டுக்கு விட்ட சட்டம், 15 டாலர் கூலி, கூடவே சம்பளத்தோட சிக் லீவ், மக்கள் தெளிவாவே ஆமான்னு ஓட்டுப் போட்டாங்க. அடுத்த வருஷமே மாநில சட்டசபை அதைத் திருத்தி சிக் லீவைத் தூக்கிருச்சு, 2025 மே 1-ல ஆரம்பிச்ச லீவு ஆகஸ்ட் 28-ஓட க்ளோஸ், நாலு மாசம் கூட முழுசா ஓடல. எப்படி முடிஞ்சதுன்னா அது சாதா சட்டமா போட்டது, சாதா சட்டத்தை சட்டசபை சாதாவாவே மாத்தலாம். ஃப்ளோரிடால 2020-ல இதையே மாநில அரசியல் சட்டத் திருத்தமா கொண்டு போனாங்க, அங்க 60 சதவீதம் வேணும், கிட்டத்தட்ட 61 வாங்கித் தப்பிச்சாங்க, வருஷம் ஒரு டாலரா ஏறி 2026 செப்டம்பர் 30-ல 15 ஆகணும்னு அதுலயே எழுதிட்டாங்க. சட்டசபை நெனைச்சாலும் மக்கள்கிட்ட திரும்ப வராம அதைத் தொட முடியாது. மிசோரில அரசியல் சட்டத் திருத்தத்துக்கு கையெழுத்து ஜாஸ்தி வேணும், சாதா சட்டத்துக்கு 5 சதவீதம்னா அதுக்கு 8, அந்த செலவுக்கு யோசிச்சா இப்படித்தான் ஆகும்னு நான் சொல்வேன்.

மிச்சிகன் கதை இதைவிட மோசம். 2018-ல 12 டாலர் கேட்டு கையெழுத்து வாங்கிக் கொடுத்தாங்க. அது ஓட்டுக்குப் போய் ஜெயிச்சா திருத்துறதுக்கு முக்கால்வாசி மெஜாரிட்டி வேணும், அதனால சட்டசபை என்ன பண்ணுச்சு, செப்டம்பர்ல "நாங்களே பாஸ் பண்ணிடறோம்"னு நல்ல பிள்ளையா பாஸ் பண்ணிட்டு, எலெக்ஷன் முடிஞ்சதும் டிசம்பர்ல சாதா மெஜாரிட்டில வெட்டி, 2022-ல வர வேண்டிய 12 டாலரை 2030-க்குத் தள்ளிருச்சு. 2024 ஜூலைலதான் மாநில சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லுச்சு. ஆறு வருஷம் போச்சு.

அடுத்து டிப்ஸ். ஹோட்டல்ல பரிமாறுறவங்களுக்கு ஃபெடரல் ரேட் 2.13 டாலர்தான், 1991-ல இருந்து அதே. மீதியை கஸ்டமர் டிப்ஸ் ஈடுகட்டணும், கட்டலன்னா ஓனர் போடணும்னு சட்டம். டெக்சாஸ்ல ஹோட்டல் வேலை பார்த்த ஃப்ரெண்ட் ஒருத்தன் ஒரு தடவை பே ஸ்லிப் காட்டினான், 40 மணி நேரத்துக்கு 85 டாலர் சொச்சம், டிப்ஸுக்கும் சேர்த்து வரியை அதுலயே பிடிச்சு கடைசில கைக்கு வர்ற தொகை 0.00-னு அடிச்சிருந்துச்சு. கூலியை மட்டும் ஏத்தி இந்த ரேட்டை மறந்தா இவங்க அப்படியேதான் இருப்பாங்க. ஆனா அவசரப்பட்டும் பண்ணக் கூடாது. மெய்ன் மாநிலத்துல 2016-ல இந்த தனி ரேட்டை ஒழிக்க ஓட்டு ஜெயிச்சுது, ஆனா டிப்ஸ் குறைஞ்சிடும்னு பரிமாறுறவங்கள்லயே ஒரு கூட்டம் எதிர்த்துப் போய் நின்னுச்சு, 2017-ல சட்டசபை பழைய முறையையே கொண்டு வந்துருச்சு. யாருக்காக ஏத்துறோமோ அவங்ககிட்ட முன்னாடியே பேசணும்ல.

விலைவாசியோட கூலியும் தானா ஏறணும்னு சட்டத்துல ஒரு வாசகம் எழுதாம விடறதும் தப்பு, நம்ம ஊரு பஞ்சப்படி மாதிரின்னு வச்சுக்கங்க. மிசோரில சிக் லீவோட இந்த வாசகத்தையும் சேர்த்துத்தான் வெட்டினாங்க.

மாநிலம் வேண்டாம், சிட்டில மட்டும் ஏத்திக்கலாம்னு போறவங்க அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமைப் பாருங்க. 2016-ல சிட்டி கவுன்சில் 10.10 டாலர்னு முடிவெடுத்துச்சு, அலபாமா சட்டசபை உடனே ஒரு சட்டம் போட்டு எந்த சிட்டியும் தனியா ஏத்தக் கூடாதுன்னு தடுத்துருச்சு. மிசோரியோட செயின்ட் லூயிஸ் சிட்டில 10 டாலர் வாங்க ஆரம்பிச்சவங்களுக்கு 2017 ஆகஸ்ட் 28-ல திரும்ப 7.70-க்கு இறக்க மாநில சட்டசபை வழி பண்ணிருச்சு, கையில வந்த காசைப் பிடுங்கின மாதிரி.

இன்னொன்னு, கையெழுத்து நோட்டைத் தூக்குறதுக்கு முன்னாடி உங்க மாநிலத்துல அந்த வழி இருக்கான்னு பாருங்க. டெக்சாஸ், ஜார்ஜியால எல்லாம் மக்கள் கையெழுத்துப் போட்டு மாநில சட்டத்தை ஓட்டுக்குக் கொண்டு வர வழியே கிடையாது. அங்க உங்க தொகுதி ஆளைப் பிடிச்சு சட்டசபைல பில் போட வைக்கறதுதான் ஒரே வழி, எத்தனை லட்சம் கையெழுத்து வாங்கினாலும் வெறும் பேப்பர்தான்.