சைக்கிள் பழக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்கிவருகிறேன். தொடக்கக் காலத்தில் நான் செய்தவற்றையே இன்று முதல்முறையாகப் பழக்க வரும் பெற்றோரும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தலைக்கவசம், டயரில் காற்று போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பக்கச் சக்கரங்களைப் பூட்டுவது

எனக்கு இன்றளவும் எரிச்சலூட்டுவது இதுதான். பெடல் மிதிப்பது எளிது. எந்தப் பிள்ளையும் விரைவில் பிடித்துக்கொள்ளும். சமநிலைதான் கடினம். பின்சக்கரத்தின் இருபுறமும் பூட்டும் சிறு சக்கரங்கள் எளியதைப் பழக்கிவிட்டுக் கடினமானதைத் தள்ளிப்போடுகின்றன. போதாக்குறைக்கு, அதைத் தலைகீழாகவும் பழக்கிவிடுகின்றன. சைக்கிள் இடப்பக்கம் சாயும்போது ஹேண்டில்பாரையும் இடப்பக்கமே திருப்பினால், சக்கரங்கள் உடல் எடைக்கு அடியில் வந்து சேர்ந்து வண்டி நிமிர்கிறது. பக்கச் சக்கரம் பூட்டிய வண்டியோ சாய்வதே இல்லை என்பதால், கைக்கு இந்தத் திருத்தம் தேவைப்படுவதும் இல்லை. வளைவில் உட்பக்கம் சாய வேண்டிய உடல், வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் எடையைப் போட்டு உட்காரப் பழகிவிடுகிறது.

நெடுநாள் அப்படி ஓட்டிய சிறுமி ஒருத்தியை என்னிடம் அழைத்துவந்தார்கள். பக்கச் சக்கரங்களைக் கழற்றியதும், வண்டி இடப்பக்கம் சரியச் சரிய அவள் ஹேண்டில்பாரை வலப்பக்கம் இறுக்கித் திருப்பி விழுந்தாள். பழகிய கை அப்படித்தான் செய்யும். பெடல் இல்லாத சிறு வண்டியில் காலால் உந்தியே பழகியிருந்த அவளுடைய தம்பி, அக்காவுக்கு முன்பே ஓட்டத் தொடங்கிவிட்டான். வீட்டில் அவள் என்னென்ன கேட்க நேர்ந்ததோ!

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பெடல்களைக் கழற்றிவிட்டு, இரு பாதங்களும் தரையில் முழுதாகப் படியும் அளவுக்குச் சீட்டை இறக்குங்கள். இது புதுமையும் அன்று. 1817இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய இரு சக்கர வண்டியும் காலால் தரையை உந்திச் செல்வதாகவே இருந்தது. முன்சக்கரத்தில் பெடல் வைத்த வண்டிகள் பரவியது 1860களில்தான். பிள்ளையும் அதே வரிசையில் கற்கட்டும். முதலில் நடக்கும், பிறகு எட்டி உந்தும், மெல்லிய சரிவில் இரு கால்களையும் தூக்கிக்கொண்டு உருளும். ஐந்து எண்ணும் வரை கால்கள் தரையைத் தொடாமல் உருண்டு வந்தால் பெடல்களை மீண்டும் பூட்டலாம்.

கழற்றும்போது ஒரு கவனம் தேவை: இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். எந்தப் பக்கமானாலும், கைப்பிடி மேல்நோக்கி நிற்குமாறு ஸ்பேனரை மாட்டி, வண்டியின் பின்பக்கமாகத் தள்ளினால் கழலும். பக்கம் மாற்றி வலுவில் பூட்டினால், பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கின் மரை கெட்டுவிடும்.

ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓடுவது

அப்போது சமநிலையைக் காப்பது உங்கள் கை. பிள்ளை எதையும் கற்பதில்லை. பிடித்தே ஆக வேண்டுமானால் தோளைப் பிடியுங்கள், வண்டியைத் தொடாதீர்கள்.

'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று பெரிய வண்டி வாங்குவது

கால் எட்டாத வண்டியில் அச்சம் மட்டுமே வளரும்.

புல்தரையில் பழக்குவது

சக்கரம் உருளாது. வேண்டாம்.

நிறுத்தத் தெரியாதவரைத் தனியே விடுவது

பிள்ளை நம் கைக்கு எட்டாத தூரம் போகும் நாளுக்காகத்தானே இவ்வளவும்? ஆனால் காலால் உந்திப் பழகிய பிள்ளைகள், பெடல் பூட்டிய பிறகும் செருப்பைத் தரையில் தேய்த்தே நிறுத்தப் பார்ப்பார்கள். பிரேக் பிடி விரலுக்கு எட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். பல வண்டிகளில் அதை அருகே கொண்டுவர ஒரு சிறு திருகு இருக்கும். பிறகு தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இரு பிரேக்குகளையும் சேர்த்து மெல்ல அழுத்திக் கோட்டுக்கு முன்பாக நிறுத்தச் சொல்லுங்கள். கிளம்புவதையும் அதனுடன் சேர்த்தே பழக்கிவிடுவது நல்லது: ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறு காலுக்குரிய பெடலை முன்பக்கமாகச் சற்று மேலே வைத்து, அதை அழுத்தியபடி கிளம்ப வேண்டும். யாராவது பின்னாலிருந்து தள்ளிவிட்டால்தான் புறப்படும் பிள்ளை, இடையில் ஒருமுறை நின்றுவிட்டால் வண்டியை உருட்டிக்கொண்டுதான் திரும்பி வரும்.