ஒரே பாணிக் குறிப்பு எல்லாப் பாடத்துக்கும் சரிவராது

கணக்கில் விடையைவிட ‘ஏன் இந்தப் படி’ என்பதுதான் முக்கியம். தாளின் வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை மடித்துவிட்டு இடப்பக்கம் கணக்கைப் போடுங்கள். மடித்த பகுதியில் ஒவ்வொரு படிக்கும் காரணம். காரணப் பகுதியை மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தால் எங்கே தடுமாறுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கூட்டல், கழித்தல் குறி மாறும் இடமாக இருக்கும். அதைச் சிவப்பில் வட்டமிடுங்கள்.

இயற்பியலில் சூத்திரத்தின் பக்கத்திலேயே அலகு. மில்லி ஆம்பியரை ஆம்பியராக்க 1000 ஆல் வகுக்க மறந்தால் ஓம் விதிக் (மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை) கணக்கே போச்சு.

வரலாற்றில் ஆண்டுகளை மட்டும் அடுக்காதீர்கள். 1905 வங்கப் பிரிவினை → சுதேசி இயக்கம் → 1911 இல் பிரிவினை ரத்து அறிவிப்பு என்று அம்புக்குறி போட்டுக் கோத்தால், ஐந்து மதிப்பெண் விடைக்குச் சட்டகம் தயார்.

உயிரியல் படங்களைப் பெயர் எழுதாமல் வரைந்து வையுங்கள். மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டுப் பாகம் குறிக்க வேண்டும். இதயத்தில் கவனம்: அதன் வலது அறைகள் படத்தில் நமக்கு இடப்பக்கம் இருக்கும், பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஹைலைட்டரா? பக்கத்துக்கு மூன்று வரி போதும். பக்கமே மஞ்சளானால் எதுவும் கண்ணில் படாது.