கோலாலம்பூரிலிருந்து பினாங்கு தேசியப் பூங்காவுக்கு பஸ் டிக்கெட் எடுப்பது எப்படி?

டிக்கெட் தளத்தில் 'தாமான் நெகாரா' (மலாயில் 'தேசியப் பூங்கா') என்று மட்டும் தேடாதீர்கள். அது பகாங் மாநிலக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். நாம் போவது பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பாஹாங்கில் இருக்கும் சின்னப் பூங்காவுக்கு. 2003-இல்தான் அது தேசியப் பூங்காவானது.

படி 1: புறப்படும் இடத்தில் டிபிஎஸ் (கோலாலம்பூரின் பெரிய பஸ் நிலையம்) என்று போடுங்கள். இறங்குமிடத்தில்தான் பலரும் தடுமாறுவார்கள். தீவுக்குள் சுங்கை நிபோங், தீவுக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரல் என இரண்டு பஸ் நிலையங்கள் வரும். 'தீவுக்குத்தானே போறோம்' என்று சுங்கை நிபோங்கை அமுக்கத் தோன்றும். என்னைக் கேட்டால் பட்டர்வொர்த்தான். பஸ்ஸை விட்டு இறங்கி நடைபாலம் வழியாகவே பெர்ரிக்குப் போய்விடலாம். அக்கரையில் இறங்கினால் படகுத்துறையிலேயே தெலுக் பாஹாங் போகும் 101 பஸ் புறப்படுகிறது.

படி 2: தேதி. இதில் எனக்குக் காசு போயிருக்கிறது. வெள்ளி இரவு கிளம்பத் திட்டம், 12.30 பஸ்ஸுக்கு வெள்ளிக்கிழமைத் தேதியையே போட்டுவிட்டேன். தோளில் பை, கையில் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. கேட்டில் டிக்கெட்டை நீட்டினால், "அண்ணே, இது நேத்து ராத்திரியே போயிடுச்சே" என்றார் அங்கிருந்த தம்பி. புளிச்சோற்றை டிபிஎஸ் நாற்காலியில் உட்கார்ந்தே தின்று முடித்தேன். நள்ளிரவு தாண்டினால் மறுநாள் தேதி. பணம் கட்டுமுன் கிழமையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

படி 3: தனியாகப் போனால் ஒற்றை இருக்கை வரிசையில் இடம் பிடியுங்கள். பெயரை ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடி அடியுங்கள். ஆன்லைன் பேங்கிங்கில் பணம் கட்டியதும் வரும் டிக்கெட்டை போனில் படமாகவும் சேமியுங்கள். சில தளங்களின் டிக்கெட்டை டிபிஎஸ் கவுண்டரில் காட்டி போர்டிங் பாஸ் வாங்க வேண்டியிருக்கும். அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை என்றால் சில வாரங்களுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

படி 4: 101-க்கு முன்பதிவு கிடையாது. ஏறிக் காசு கட்டலாம், ஆனால் டிரைவர் மீதி தரமாட்டார், சில்லறை வேண்டும். வலப்பக்கம் உட்காருங்கள், வழியில் பத்து பெரிங்கி என்ற கடற்கரை ஊர் வரும்போது கடல் அந்தப் பக்கம்தான். கடைசி நிறுத்தம் தெலுக் பாஹாங். பூங்கா அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு நடக்கலாம். ஆமைகள் முட்டையிட வரும் கெராச்சுட் கடற்கரைக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். சாப்பாட்டை பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுப் போனால் குரங்கு பார்த்துக்கொள்ளும்.

திரும்பும் டிக்கெட்டை மாலை ஆறு மணி பஸ்ஸுக்கெல்லாம் எடுத்துவிடாதீர்கள். அந்நேரம் பத்து பெரிங்கி சாலையில் பஸ் நத்தையாய் ஊரும், அதன்பின் பெர்ரி வேறு. பட்டர்வொர்த்திலிருந்து இரவு ஒன்பதுக்கு மேல் புறப்படும் பஸ்ஸாகப் பாருங்கள்.