பொட்டாலக் சுரங்கத்தைப் பார்க்கப் போனால் இதையெல்லாம் செய்யாதீர்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில் கடலுக்கு மேலே பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு கல் கட்டடங்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கோட்டையா, கலங்கரை விளக்கமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் இல்லை, பொட்டாலக் செம்பு, வெள்ளீயச் சுரங்கத்தின் எஞ்சின் கட்டடங்கள். கீழே இருப்பது தண்ணீர் இறைக்க 1835-இல் கட்டியது, மேலே இருப்பது தாதுவையும் ஆட்களையும் மேலே இழுக்க 1862-இல் வந்தது. அதன் ஒரு சுவர் மட்டும் ஏன் அவ்வளவு தடிமன் என்று கவனியுங்கள், நம் ஏற்றத்தின் துலா மாதிரி ஏறி இறங்கிய பெரிய இரும்பு உத்தரத்தை அந்தச் சுவர்தான் தாங்கியது.

படம் எடுத்த கையோடு கிளம்பிவிடுவதுதான் எனக்குப் பொறுக்காத தவறு. சுரங்கம் உங்கள் கண்ணில் படாத இடத்தில், கடலடியில் அரை மைல் தூரத்துக்குப் போகிறது! 1863-இல் சுரங்கத்துக்குள் இறங்கும் சரிவுப் பாதையில் ஆட்களை ஏற்றி வந்த வண்டியின் சங்கிலி அறுந்து ஒரு சிறுவன் உட்பட 9 பேர் இறந்தார்கள்.

அப்புறம் மேட்டில் இருக்கும் ஆர்சனிக் அறைகள், ஆர்சனிக் என்பது தாதுவோடு கலந்து வரும் ஒரு விஷம். பார்க்க ஒன்றும் இருக்காது, ஆனால் தாண்டிப் போய்விடாதீர்கள். தாதுவை வறுக்கும்போது வந்த புகையை வளைந்து வளைந்து போகும் இந்த அறைகளுக்குள் விட்டால் ஆர்சனிக் சுவரில் படிந்துவிடும், அதை ஆட்கள் உள்ளே போய்ச் சுரண்டினார்கள். மூக்கில் பஞ்சு, தோலில் களிமண் பூச்சு, பாதுகாப்பு என்று இருந்தது அவ்வளவுதான். அந்த விஷம் மண்ணில் இன்னும் மிச்சம் இருக்கிறது. புல் முளைக்காத திட்டில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள்.

வட்டமாகக் கல்சுவர் தெரிந்தால் அது பழைய சுரங்கக் குழி. எட்டிப் பார்க்க அதன்மேல் ஏறவே கூடாது. பாறையில் திறந்து கிடக்கும் வாய்க்குள் டார்ச்சோடு நுழைவதும் வேண்டாம். உள்ளே போகத்தான் ஆசை என்றால் வடக்கே கொஞ்ச தூரத்தில் ஜீவர் இருக்கிறது, 1990-இல் மூடிய சுரங்கம், இப்போது அருங்காட்சியகம். ஹெல்மெட் கொடுத்து 18-ஆம் நூற்றாண்டுக் குடைவுகளுக்குள் கூட்டிப் போகிறார்கள். வழியிலேயே லெவன்ட் சுரங்கத்தில் 1840-ஆம் ஆண்டு நீராவி எஞ்சின் இருக்கிறது, ஆனால் திறந்திருக்கும் நாளைப் பார்க்காமல் போனால் பூட்டைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும்.