அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் கொரோனா எண்களை இனவாரியாகப் படிப்பது எப்படி?

மிச்சிகன் மக்கள்தொகையில் கறுப்பின மக்கள் சுமார் 14 சதவீதம். 2020 ஏப்ரலில் அங்கே கொரோனாவில் இறந்தவர்களில் அவர்கள் சுமார் 40 சதவீதம். இதைப் பார்த்ததும் "மூன்று மடங்கு" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. 40ஐ 14ஆல் வகுத்தால் 2.9 வருவது சரிதான், ஆனால் அது மாநில சராசரியோடு ஒப்பிட்ட கணக்கு, அந்தச் சராசரிக்குள் கறுப்பின மக்களின் இறப்புகளும் கலந்திருக்கின்றன. மற்றவர்களோடு ஒப்பிட மீதி 60ஐ மீதி 86ஆல் வகுங்கள், 0.7 வரும். 2.9ஐ அதால் வகுத்தால் நான்கு மடங்கு.

அப்புறம் வயது. அங்கே வெள்ளையர்களில் முதியவர்கள் அதிகம், கொரோனா அதிகமாகக் கொன்றதும் முதியவர்களைத்தான். அதனால் ஒரே வயதுக்காரர்களை வைத்து ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் பெரிதாகும். வயதைச் சரிக்கட்டிய விகிதம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

தொற்று எண்ணிக்கையை, முக்கியமாக 2020 வசந்த கால எண்களை, அப்படியே நம்ப வேண்டாம். பரிசோதனையே அரிதாகக் கிடைத்த நேரம் அது. யாருக்குப் பரிசோதனை கிடைத்ததோ அவர்கள்தான் கணக்கில் வந்தார்கள். அந்த மாதங்களுக்கு இறப்பு எண்தான் மேல். தேதியையும் விடாமல் குறியுங்கள்: துணை ஆளுநர் கார்லின் கில்கிறிஸ்ட் தலைமையில் 2020 ஏப்ரலில் இன ஏற்றத்தாழ்வுக்கென்றே ஒரு குழு அமைத்தார்கள், இலையுதிர் காலத்துக்குள் அந்த இடைவெளி பெருமளவு குறைந்தது. ஏப்ரல் எண்ணை மட்டும் காட்டினால் இந்த மாற்றம் யாருக்கும் தெரியாது.

தடுப்பூசிக் கணக்கில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். மிச்சிகனில் 2021 ஜனவரியில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் திறந்தார்கள், 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஏப்ரல் 5 அன்றுதான். இளையவர்கள் அதிகமுள்ள சமூகத்தின் தடுப்பூசி விகிதம் இடைப்பட்ட மாதங்களில் தானாகவே தாழ்ந்து தெரியும். எனவே 65க்கு மேற்பட்டவர்களை 65க்கு மேற்பட்டவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். அடுத்து, இனம் "தெரியாது" என்ற வரிசையைத் தேடுங்கள். முதல் மாதத்தில் அமெரிக்கா முழுக்க ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் இனம் பதிவாகியிருந்தது. அந்த வரிசை பெரிதாக இருந்தால், இரண்டு சமூகங்களுக்கு இடையே தெரியும் சின்ன வித்தியாசத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

சில சமூகங்கள் அட்டவணையிலேயே இருக்காது. மிச்சிகனின் டியர்பார்ன் நகரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளியினர். 2024 மார்ச் வரை கூட்டரசின் இனப்பிரிவுகளில் அவர்களுக்குத் தனி இடமில்லை, வெள்ளையர் கணக்கில்தான் சேர்த்தார்கள். அவர்களைப் பற்றி அறிய அஞ்சல் குறியீடு வாரியான எண்களைப் பாருங்கள், துல்லியமாக இருக்காது, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை.

ஒரு சமூகத்தில் தடுப்பூசி விகிதம் குறைவு என்று உறுதியானால், உடனே "தயக்கம்" என்று எழுதிவிடாதீர்கள், இது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம். இணையத்தில் முன்பதிவு, காரில் போய்ப் போட்டுக்கொள்ளும் முகாம், வேலைநேரத்தில் மட்டும் திறந்திருக்கும் மையம் என்று வைத்துவிட்டு, கார் இல்லாத வீடுகள் நிறைய உள்ள மிச்சிகனின் டெட்ராய்ட் நகரில் மக்கள் தயங்குகிறார்கள் என்பது அநியாயம். முகாம் எங்கே இருந்தது, எத்தனை மணிவரை, பேருந்து போனதா என்று முதலில் விசாரியுங்கள். எழுதும்போது விகிதம், வயதுப் பிரிவு, தேதி, இனம் தெரியாதவர்களின் பங்கு, நான்கையும் ஒரே பத்தியில் கொடுத்துவிடுங்கள்.