அப்டேட் மேனேஜர் கண்ணில் படாத செயலிகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நண்பர்கள் நடத்தும் டியூஷன் வகுப்பில் ஆறு பழைய லேப்டாப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஓடுவது, உபுண்டு, டெபியன் வழி வந்த லினக்ஸ் மின்ட் இயங்குதளம். பார்த்துக்கொள்வது நான். ஒரு சனிக்கிழமை, இணைய வகுப்புக்கான செயலி 'இந்தப் பதிப்பு இனி இயங்காது' என்று நின்றுவிட்டது. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். "தம்பி, வாராவாரம் அப்டேட் போடுறேனே, பிறகு எப்படி?" என்று கேட்டார் டீச்சர். அவர் சொன்னது உண்மைதான். அந்தச் செயலியை டெப் கோப்பாக (.deb என்று முடியும் நிறுவல் பொதி) இறக்கி நிறுவியவன் நான்.

டெப் கோப்பை நிறுவிவிட்டால் இனி அது தானாகவே அப்டேட் ஆகும் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அப்டேட்டைக் கொண்டுவரும் ஆப்ட் என்ற கருவி, தனக்குச் சொல்லப்பட்ட களஞ்சியங்களில், அதாவது செயலிகள் வைக்கப்பட்டிருக்கும் இணைய இடங்களில் மட்டும்தான் தேடும். கூகுள் குரோமின் டெப் கோப்பு, நிறுவும்போதே தன் களஞ்சியத்தையும் சேர்த்துவிடும். பல செயலிகள் சேர்ப்பதில்லை. நிறுவிய செயலிகளைப் பட்டியலிடும் சினாப்டிக்கில் நிலைவாரியாகப் பார்த்தால் 'உள்ளூர் அல்லது காலாவதி' என்றொரு பிரிவு இருக்கும். களஞ்சியம் இல்லாமல் அனாதையாக நிற்பவை அங்கே தெரியும். இன்றே ஒருமுறை பாருங்கள்.

களஞ்சியம் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். பழைய குறிப்புகள் சொல்லும் ஆப்ட்-கீ வழியில் சேர்த்த சாவியை (களஞ்சியம் அசலானதா என்று சரிபார்க்க உதவுவது) எல்லாக் களஞ்சியங்களுக்கும் ஆப்ட் நம்பும். டெபியன் 13இல் அந்தக் கருவியே இல்லை. சாவியைத் தனிக் கோப்பாக வைத்து, அந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் செல்லுபடியாகும்படி எழுதுங்கள். உபுண்டு 22.04இலிருந்து 24.04க்கு மாறும்போது வெளிக் களஞ்சியங்கள் முடக்கப்படும். மாறிய பிறகு திரும்ப இயக்காவிட்டால் சத்தமில்லாமல் அப்டேட் நின்றுபோகும்.

எனக்கு அதிகம் கவலை தருவது செயலியின் மூலநிரலை நாமே தொகுத்து 'மேக் இன்ஸ்டால்' கட்டளையால் நிறுவுவது. கோப்புகள் யூஎஸ்ஆர் லோக்கல் (/usr/local) அடைவுக்குப் போகும். ஆப்டுக்கு அவை இருப்பதே தெரியாது. அப்படி நிறுவிய ஒரு நூலகத்துக்கு (செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல்) ஆப்ட் பாதுகாப்புத் திருத்தம் கொண்டுவந்தாலும், உபுண்டுவும் டெபியனும் யூஎஸ்ஆர் லோக்கலில் இருப்பதைத்தான் முதலில் எடுக்கும். திருத்தம் வட்டில் இருந்தும் பயனில்லாமல் கிடக்கும்.

நிறுவாமலே ஒற்றைக் கோப்பாக இயங்கும் ஆப்இமேஜும் ஆப்டின் பொறுப்பில் வராது.

அந்தச் சனிக்கிழமை புதிய கோப்பை இறக்கி ஒப்பேற்றினேன். மறுநாள் உட்கார்ந்து, கிடைத்தவற்றை ஃபிளாட்பேக் என்ற வேறொரு பொதி வடிவத்துக்கு மாற்றினேன், மின்ட் 21.1 முதல் அப்டேட் மேனேஜரே அவற்றையும் கவனித்துக்கொள்கிறது. இரண்டு செயலிகள் மட்டும் மிஞ்சின. அவற்றின் பதிப்பு எண்ணை டீச்சரின் மேசை நாட்காட்டியில் எழுதியிருக்கிறேன். மாதம் பிறந்தால் முதல் வேலை அதைச் சரிபார்ப்பதுதான்.